மாடியில் அப்பா, முற்றத்தில் மாமா

பிள்ளை பார்க்கிற வேலைக்கு விசா வேண்டாம், மெடிக்கல் வேண்டாம், ஏஜெண்டுக்குக் கமிஷன் வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை லீவு உண்டா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நான் கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். ஊர் குலசேகரத்துக்குப் பக்கம். மகள் அபிக்குப் பெயர் வைத்த கையோடு விமானம் ஏறினேன். இந்த மார்ச் மாதம் கம்பெனிக்காரர்கள் வேலையை முடித்துக்கொண்டு எங்களையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து இறங்கியபோது அபிக்கு மூன்று வயது ஆகப்போகிறது. சம்பாதித்ததெல்லாம் வீட்டில் போட்டாயிற்று. கீழ்த்தளம் முடிந்து, மாடி பாதியில் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மனைவி ஷீபா மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். இதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அவளுடைய அக்காவுக்குப் பிரசவ நேரம். அங்கன்வாடியிலும் இனி ஜூனில்தான் சேர்க்க முடியும். அடுத்த விசா மழை தொடங்குகிற சமயத்தில் வரும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் வீட்டில் சும்மா இருக்கிற ஆள் யார்? நான்தான்.

கோடையில் சின்னப் பிள்ளையோடு வீட்டில் மாட்டிக்கொண்டவர்களே, அதுவும் கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்டவர்களே, உங்கள் முகம் எனக்குத் தெரியும். காலையில் எட்டு மணிக்கே பிள்ளை எல்லா விளையாட்டையும் முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து உங்களைப் பார்க்கும். இன்னும் பகல் முழுக்கக் கிடக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அதோடு இன்னொரு கவலையும் இருந்தது. மறுபடி விமானம் ஏறுவதற்குள் என் மகள் என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

வேலையில் சேர்ந்த அன்று

நான் வெளிநாட்டில் இருந்த காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஷீபா கடையிலிருந்து வந்ததும் அபியை அடுக்களை மேடையில் உட்காரவைத்து, உப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைப்பாள். நான் வீடியோ காலில் வருவேன். "அப்பாவுக்கு உம்மா குடு மோளே" என்றால் அபி கண்ணாடியில் உதட்டை ஒட்டி எச்சிலாக்குவாள். கல்ஃபில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த எல்லாரும் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம். இதில் ஒரு சிக்கல் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. அபியின் கணக்குப்படி அப்பா என்பது உள்ளங்கை அகலத்தில் இருக்கும். சாயங்காலம் வரும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போய்விடும்.

இப்படி வளர்ந்த பிள்ளையின் முன்னால் ஆறடி உயரத்தில் வியர்த்து வழிந்துகொண்டு ஒரு ஆள் பெட்டியோடு வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்? பழக்கமில்லாத ஆண்களை என்னவென்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்திருந்தார்களோ அப்படியே கூப்பிட்டாள். "மாமா." அன்று சாயங்காலம் வழக்கமான நேரம் வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு, "அப்பாவ விளி" என்றாள். நான் அவள் முன்னால் குத்தவைத்து, "நான்தான் மக்களே அப்பா" என்றேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு ஒரு அழுகை அழுதாள் பாருங்கள், பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நின்றவர்கள் வேலி வரைக்கும் வந்து விசாரித்தார்கள்.

கடைசியில் ஷீபா என் கையில் என் போனைத் திணித்து மாடிக்கு அனுப்பினாள். பாதியில் நிற்கிற என் மாடியில், கட்டிப்போன சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, என் சொந்த வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். "அப்பா!" என்று அவள் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். குரல் படி வழியாகவும் கேட்டது. கடல் கடந்து வந்தும் பத்துப் படி கடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிக்னல் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். கீழே வந்தபோது ஷீபா சொன்னாள்: "பிள்ள பழகுதது வரைக்கும் இந்த நேரத்துக்கு மேல போயிருங்க. அதுவரைக்கும் நீங்க கல்ஃபுலதான் இருக்கிய."

பாளை வண்டி

பெட்டியில் நான் கொண்டுவந்த ரிமோட் கார் வெளிச்சம் போட்டுச் சத்தமாகப் பாடும். அபி அதைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தாள். நல்ல விலை கொடுத்து வாங்கிய சாமானுக்கு இந்த மரியாதை. அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுத் தங்கப்பன் அண்ணனின் கமுகு என்கிற பாக்கு மரத்திலிருந்து ஒரு பாளை மட்டையோடு தொப்பென்று எங்கள் முற்றத்தில் விழுந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் வாகனம் அதுதான். அகலமான பாளையில் பிள்ளையை உட்காரவைத்து, ஓலை இருக்கிற முனையைப் பிடித்து இழுத்தால் வண்டி. பெட்ரோல் வேண்டாம். அபியை உட்காரவைத்து இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி முற்றத்தை ஒரு சுற்று இழுத்தேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் வந்த பிறகு அவள் என்னோடு சிரித்த முதல் சிரிப்பு அது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயந்து பார்க்காமலே இழுத்தேன்.

செம்மண் தரையில் ஒரு பாளை ஒரு காலைக்குத்தான் தாங்கும். அடி தேய்ந்து கிழிந்ததும் அடுத்தது விழ வேண்டும். அதனால் நாள் முழுக்க நாங்கள் இருவரும் கமுகு மரத்துக்குக் காது கொடுத்தே இருந்தோம். எங்கே விழுந்தாலும் முதலில் கேட்பது அவளுக்குத்தான். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா, வண்டி!" என்பாள். ஒருநாள் முறை மாறியது. என்னை உட்காரச் சொல்லி அவள் இழுத்தாள். பாளை அசையவில்லை. விடுகிற ஆளும் இல்லை. நான் அவளுக்குத் தெரியாமல் இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தேன். அப்படியே லுங்கி கிழிய முற்றத்தைச் சுற்றி வந்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் தங்கப்பன் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கல்ஃபுல ஏசி மாட்டுனவன் இங்க வந்து காளமாடாட்டு வண்டி இழுத்தான், இப்பம் வண்டிப் பாரமாவும் ஆயாச்சா? கொள்ளாம்லே மக்கா!"

வாழை மூட்டில் ஒரு கடல்

மத்தியானம்தான் கொடுமை. காற்றில் ஒரு இலை அசையாது. ஊரான் வீட்டையெல்லாம் குளிரவைத்த எனக்கு வீட்டில் ஒரு மேசை விசிறிதான். அதுவும் தலையை ஒரு பக்கம்தான் திருப்பும். பரணிலிருந்து பெரிய அலுமினிய அண்டாவை இறக்கித் தண்ணீர் நிரப்பி வராந்தாவில் வைத்தேன். அது நான் செய்த முதல் தப்பு. ஐந்து நிமிஷத்தில் அடுக்களை வரைக்கும் வெள்ளம் போயிற்று. அண்டா காலி.

சக வேலைக்காரர்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் அதிகம் வேண்டாம். அண்டாவில் ஒரு சாண் போதும். ஆனால் நீங்கள் கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் உட்கார வேண்டும், போனை நோண்டக்கூடாது. உள்ளே போடுவதற்குச் சாயா வடிகட்டி, சின்னதும் பெரியதுமாக டம்ளர்கள், கண் திறந்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. அந்தச் சிரட்டையில் தண்ணீரை மொண்டு தூக்கிப் பிடித்தால் கண் வழியாக நூலாக இறங்கும். அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு சாயாக்கடை திறப்பாள். நான் ஒருவன்தான் வாடிக்கையாளர். ஒவ்வொரு சாயாவுக்கும் சூடு ஊதிக் குடிக்க வேண்டும். ஊதாமல் குடித்தால் வாங்கிக் கொட்டிவிட்டு வேறு போடுவாள்.

கிணற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததால் அண்டாவைக் கொல்லையில் மட்டி வாழை மூட்டுக்கு, மரத்தடிக்கே, மாற்றினேன். சிந்துவதெல்லாம் வாழைக்குப் போகட்டும் என்று. ஷீபா இதை அறியாமல் ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டாள். நாங்கள் இருவரும் தலையிலிருந்து கால்வரை சேறாக நிற்கிறோம். "கெணத்துல வெள்ளம் அடியில கெடக்கு, இங்க அப்பனும் மவளும் கடலு களிக்கிதியளா?" என்று கத்தினாள். திட்டுதான். ஆனாலும் அப்பனும் மகளும் என்று ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னாளே, அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண வேட்டி

கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழத்தின் சாறு பட்டால் துணியில் முதலில் ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் தவிட்டு நிறத்தில் கறை எழும்பும், ஜென்மத்துக்கும் போகாது. இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே தெரியும். மணல்காட்டில் இருந்த இத்தனை நாளில் எனக்கு மறந்துபோயிற்று. தங்கப்பன் அண்ணனின் கொல்லாமரத்தடியில் பழுத்து விழுந்ததையெல்லாம் பொறுக்கி வந்து, அலமாரியில் கைக்கு அகப்பட்ட ஒரு வெள்ளை வேட்டியை முற்றத்தில் விரித்து, பழத்தை நசுக்கி அபியின் கையால் பதிக்கவைத்தேன். மஞ்சளும் சிவப்புமாகச் சக்கை ஒட்டியது. கழுவினால் சரியாகிவிடும் என்று கழுவிக் கொடியிலும் போட்டேன்.

மறுநாள் கொடியில் தொங்கியது என் கல்யாண வேட்டி. கரையைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதில் நெருக்கமாகக் குட்டிக் குட்டிக் கைகள். நடுவில் என் கை ஒன்று. ஷீபா நெடுநேரம் அதைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் மெல்ல நகர்ந்தேன். அவள் அதை மடித்து, தன் கல்யாணச் சேலைக்கு மேல் வைத்து அலமாரியைப் பூட்டினாள். அப்புறம்தான் கேட்டாள்: "இனி இதையுங் கெட்டிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போறதாட்டு உத்தேசம்?"

பிள்ளைபிடிக்காரன்

திற்பரப்பு அருவிக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் உண்டு. பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. எனக்கு மட்டும் எடுத்தால் போதும். கோடையில் அருவி மெலிந்துதான் கிடக்கும். கால் நனைக்க அது போதும் என்று அபியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெரியவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் அடித்தது. அவ்வளவுதான். போன் எதுவானாலும் உள்ளே இருப்பது அப்பா என்பது அபியின் உறுதியான நம்பிக்கை. "அப்பா! அப்பா!" என்று அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்தாள். பெரியவர் திடுக்கிட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அவரைவிட அதிகமாகத் திடுக்கிட்டார்.

நான் அபியை இழுத்துப் பிடித்தேன். "மாமா வேண்டாம், அப்பாட்ட போணும்" என்று அவள் அலறினாள். பஸ் முழுக்கத் திரும்பியது. காலுக்கு இடையில் கூடையை வைத்திருந்த ஒரு மீன்கார அக்கா எழுந்தே வந்துவிட்டார். "ஆருக்க பிள்ள இது?" "எனக்க பிள்ளதான்." "பின்ன எதுக்கு மாமான்னு விளிக்கி?" நான் போனைத் திறந்து என் போட்டோவைக் காட்டினேன். அபி அழுகையை நிறுத்திவிட்டு, "அப்பா!" என்று போனுக்கு உம்மா கொடுத்தாள். போட்டோவில் நான் ஏசி அறையில் மழித்த முகத்தோடு வெளுப்பாக இருக்கிறேன். நேரில் தாடியும் வெயிலில் கறுத்த முகமும். அக்கா போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போட்டோவுல உள்ளது அப்பன், செரி. அப்பம் நீரு ஆரு?" என்றார். நல்லவேளை, ஷீபாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பாதிப் பேச்சு புரியவில்லை. கண்டக்டர் நம்பினார். அக்கா நம்பவில்லை. இறங்குகிற வரைக்கும் என் மேல் கண் வைத்திருந்தார்.

அருவியில் அபி நிறையக் களித்தாள். திரும்புகிற பஸ்ஸில் ஏறினால் அதே அக்கா, காலிக் கூடையோடு. அபி என் தோளில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் என் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது. அக்கா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாமான்னு விளிச்சா விளிக்கட்டு. அப்பனுக்க தோளுன்னாத்தான் பிள்ள இப்பிடி ஒறங்கும்."

ஐஸ் வீடு

ஜங்ஷனில் ஒரு ஏடிஎம் இருக்கிறது. உள்ளே ஏசி. என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். கையில் இருந்த கார்டில் சல்லிக்காசு இல்லை என்று தெரிந்தும் உச்சி வெயிலில் அபியோடு உள்ளே போய் நின்று மெதுவாகப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பேன். அபி அதற்கு ஐஸ் வீடு என்று பெயர் வைத்தாள். கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் கோடு போடுவாள். யாராவது பணம் எடுக்க வந்தால் வெளியே வந்து நின்று, அவர்கள் போனதும் மறுபடி உள்ளே போவோம். வாசலில் ஸ்டூல் போட்டிருந்த காவல்காரர் சாமுவேல் அண்ணன் சில நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தமும் சரியில்லை. என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டு அவர் ஸ்டூலிலேயே ஏறி ஃபில்டரைக் கழற்றி, பைப்பில் கழுவி மாட்டிக்கொடுத்தேன். அடைப்பும் எடுத்தாயிற்று. குளிர் அடித்தது. அதிலிருந்து எங்களுக்கு அங்கே தனி மரியாதை. அண்ணன் இந்தக் கதையை அங்கே சர்வீஸ் பார்க்க வருகிற மார்த்தாண்டம் ஏசி கடைக்காரரிடம் சொல்லி, அவர் என்னைத் தேடி வந்து வேலைக்குக் கூப்பிட்டார். அவர் சொன்ன சம்பளம் கல்ஃப் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட நிற்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். அவர் போன பிறகு சாமுவேல் அண்ணன் அபியின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு சொன்னார்: "இஞ்ச எல்லாவனும் பைசா எடுக்க வருவான். காத்து எடுக்க வாறது நீங்க ரண்டு பேருதான்."

எனக்குப் போட்டி நான்

இத்தனைக்கும் நடுவில் சாயங்கால உத்தியோகம் ஒருநாள் தவறாமல் நடந்தது. நேரமானதும் சத்தமில்லாமல் மாடி ஏறி, கொசுக்கடியில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து அப்பா ஆவேன். முதல் வாரம் அபி என்னிடம் புகார் சொன்னாள். "அப்பா, இங்க ஒரு மாமா உண்டு. நெறைய சோறு தின்னுது." பின்னால் ஷீபா வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. அடுத்த வாரம், "மாமா வண்டி இழுத்து" என்றாள். அதற்கடுத்து, மாமா சாயா குடித்தது, மாமா கீழே விழுந்தது, மாமா பூச்சியைப் பிடித்தது. அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நானும் வெட்கமில்லாமல், "மாமா நல்லதா மக்களே?" என்று கேட்பேன். "ம்" என்பாள். சந்தோஷமாகவும் இருக்கும், உள்ளே எங்கோ குத்தவும் செய்யும்.

பேச்சு நாளுக்கு நாள் சுருங்கியது. கண் போனில் நிற்காது, வாசல் பக்கமே போகும். ஒருநாள் நான், "அப்பா வேணுமா, மாமா வேணுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அப்பா போ. மாமா வரட்டு" என்று சொல்லிவிட்டுத் தானே சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கறுத்துப்போன கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜெயித்ததற்குச் சிரிப்பதா, தோற்றதற்கு அழுவதா என்று தெரியவில்லை. ஷீபா படியடியில் நின்று சொன்னாள்: "எறங்கி வாங்க. உங்கள வெரட்டுனது நீங்கதான். ஆருட்ட போயி கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறிய?"

அரிசி வாளி

மே கடைசியில் ஒரு மழை பெய்தது. அன்று காலையில் ஏஜெண்ட் கூப்பிட்டார். விசா தயார், சாயங்காலம் மறுபடி கூப்பிடுவேன், உண்டு இல்லை என்று ஒரு வாக்கு சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். ஷீபாவிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மாடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்தாள். கம்பியில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. போவதென்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு அபியைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஈர முற்றத்தில் பாளை வண்டியை வழக்கத்தைவிட நான்கு சுற்று அதிகமாக இழுத்தேன்.

சாயங்காலம் ஷீபா வந்தாயிற்று. ஏஜெண்ட் கூப்பிடுகிற நேரம். போனைக் காணவில்லை. மேசையில் இல்லை, கட்டிலில் இல்லை, மாடியிலும் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அடுக்களையிலிருந்து, எதற்குள்ளிருந்தோ அடிக்கிற மாதிரிச் சத்தம். அரிசி வாளியைத் திறந்தேன். மேல் அரிசி நடுங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டால் உள்ளே ஆழத்தில் போன்.

எங்கிருந்தோ அபி ஓடிவந்தாள். என் கையை வெளியே தள்ளி, மூடியை வாளி மேல் வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். வாளிக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்காண்டாம் மாமா. அப்பா வந்தா நீ போயிருவ."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் அப்பா வருகிற நேரத்துக்கெல்லாம் மாமா காணாமல் போனார். அப்பா போன பிறகுதான் மாமா திரும்பி வந்தார். அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. இந்த மணியை எடுத்தால் அப்பா வருவார். தினமும் வருவார், உப்பு டப்பாவில் சாய்ந்துகொண்டு. மாமா போய்விடுவார்.

மணி நின்றது. மறுபடி அடித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மறுபடி நின்றது. ஷீபா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து, அபியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மூடியைத் திறந்து தன்னுடைய போனையும் அதே அரிசிக்குள் புதைத்து மூடினாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவுக்கு இனி லீவு மோளே."

இப்போது நான் அந்த மார்த்தாண்டம் கடையில் ஏசி ரிப்பேர் பார்க்கிறேன், மாடிக் கம்பி அப்படியேதான் துருப்பிடித்து நிற்கிறது, அபி அங்கன்வாடிக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் வாசல் கேட்டருகே காத்துநின்று என் பைக்கைக் கண்டதும் ஊர் கேட்க "மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறாள். ஆக, எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, பதவியின் பெயர்தான் இன்னும் மாறவில்லை.